என்ஜின் சத்தமும் படகில் உறக்கமும்

தொட்டில் ஆடினால் குழந்தை தூங்கும். படகும் ஆடுகிறது. ஆனால் படகில் படுத்தவர் நன்றாகத் தூங்குகிறாரா?

கடலுக்குப் போய் வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். "படுத்தோம், எழுந்தோம்" என்பார். "தூங்கினோம்" என்று சொல்பவர் குறைவு. ஆட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் என்ஜின் சத்தம்.

சத்தம் என்ன செய்கிறது? அதை எப்படிக் குறைக்கலாம்? சத்தத்தை அடைத்துவிட்டுத் தூங்கினால் ஆபத்து வராதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

கடலே வீடு

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் தோப்பும்படி இருக்கிறது. அங்கே பெரிய மீன்பிடித் துறைமுகம் உண்டு. அங்கு போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, நீரோடி போன்ற ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் பலர் தோப்பும்படியிலிருந்து கடலுக்குப் போகிறார்கள்.

இவர்கள் ஆழ்கடல் மீனவர்கள். தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் தொழில் அல்ல இது. பத்து நாள் ஆகும். ஒரு மாதமும் ஆகும். அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் படகுதான் வீடு.

அந்த வீட்டில் படுக்கும் இடம் எங்கே? பெரும்பாலும் வீல் ஹவுசுக்குப் பின்னால். கீழே என்ஜின் அறை. நடுவில் ஒரு பலகைத் தளம் அல்லது இரும்புத் தகடு. அவ்வளவுதான்.

நம் தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் துடுப்புச் சத்தம், பாய் படபடக்கும் சத்தம், அலைச் சத்தம் மட்டுமே இருந்தன. 1953-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய - நார்வே திட்டம் தொடங்கியது. என்ஜின் வைத்த படகுகள் மெல்ல மெல்லப் பரவின. தூரம் போக முடிந்தது. மீனும் கூடியது. கூடவே சத்தமும் ஏறிக்கொண்டது.

சத்தத்துக்கும் அளவு உண்டு

அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். பாலை லிட்டரில் அளக்கிறோம். சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம்.

இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல். இரவில் நல்ல உறக்கத்துக்கு, படுக்கும் அறையில் 30 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீசல் என்ஜின் அறைக்குள் 100 டெசிபலும் அதற்கு மேலும் இருப்பது உண்டு.

டெசிபல் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரியானது. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் சத்தம் 3 டெசிபல் ஏறினால், காது அதைத் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். இந்தக் கணக்கைப் பாருங்கள்.

85 டெசிபல் - 8 மணி நேரம்
88 டெசிபல் - 4 மணி நேரம்
91 டெசிபல் - 2 மணி நேரம்
94 டெசிபல் - 1 மணி நேரம்
97 டெசிபல் - அரை மணி நேரம்
100 டெசிபல் - கால் மணி நேரம்

ஒரு நாளைக்கு இதற்கு மேல் போனால், நாளடைவில் காது கெடும்.

அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். கருவி இல்லாமலே சோதிக்கலாம். ஒரு கை நீளத் தூரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அவரோடு பேசுங்கள். கத்தினால்தான் அவருக்குக் கேட்கிறதா? அப்படியானால் அங்கே சத்தம் 85 டெசிபலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய கப்பல்களுக்கு இதில் சட்டம் உண்டு. 2014-இல் வந்த உலக விதிப்படி, புதிய பெரிய கப்பல்களில் மாலுமி படுக்கும் அறையில் 60 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது. ஆனால் அந்த விதி மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. ஆகவே நம் காதை நாம்தான் காக்க வேண்டும்.

"பழகிப் போச்சு"

புதிதாகப் படகில் ஏறிய தம்பி தூக்கம் வராமல் புரளுவான். வயதில் மூத்தவர் அவனைத் தேற்றுவார்.

"ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும் தம்பி. எனக்கெல்லாம் பழகிப் போச்சு. என்ஜின் சத்தமே இப்ப எனக்குக் கேக்கல்ல."

இந்தப் பேச்சை நன்றாகக் கவனிக்க வேண்டும். "கேக்கல்ல" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு.

ஒன்று, மூளை பழகுவது. ஒரே மாதிரி ஓடும் சத்தத்தை மூளை ஒதுக்கி வைக்கும். அதனால்தான் என்ஜின் ஓடும்போது தூங்குகிற ஸ்ராங்கு, என்ஜின் திடீரென்று நின்றால் விழித்துக்கொள்கிறார். மூளை கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சத்தம் மாறியதும் எழுப்பிவிட்டது.

ஆனால் முழுதாகப் பழகுவது கிடையாது. நாம் தூங்குவதாக நினைத்தாலும், சத்தம் ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்தபடி இருக்கும். காலையில் உடம்பு கனக்கும். கோபம் வரும். கவனம் சிதறும். பல வருடம் இப்படியே போனால் இரத்த அழுத்தமும் கூடலாம்.

இரண்டாவது பொருள், காது கெடுவது. காதின் உள்ளே நத்தை ஓடு போல் ஒரு பகுதி இருக்கிறது. அதில் மிக நுண்ணிய மயிர் போன்ற அணுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்புவது அவைதான். பெரும் சத்தம் நாள்தோறும் தாக்கினால் அவை சாகும். செத்தது மறுபடி முளைக்காது. மருந்தும் இல்லை.

அந்தக் கேடு வலிக்காது. மெல்ல மெல்ல வரும். அடையாளங்கள் இவை:

- கரைக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கும்.
- பெண்கள், குழந்தைகள் பேசுவது தெளிவாக விளங்காது.
- கூட்டத்தில் பேச்சுப் புரியாது.
- "ஏன் டி.வி.யை இவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள்?" என்று வீட்டில் கேட்பார்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். எறணாகுளம் அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகலாம். ஊருக்குப் போகும்போது, நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

சத்தம் வரும் இரண்டு வழிகள்

சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால், அது எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும்.

முதல் வழி காற்று. என்ஜின் அறைக் கதவு திறந்திருந்தால் சத்தம் நேராக வெளியே வருகிறது. குழாய் போகும் ஓட்டை, கம்பி போகும் ஓட்டை, பலகை இடுக்கு வழியாகவும் வருகிறது.

இரண்டாவது வழி படகின் உடம்பு. சிறு வயதில் தீப்பெட்டி டெலிபோன் செய்திருப்பீர்கள். ஒருவர் பெட்டிக்குள் பேசுவார். நூல் வழியாக மற்றவருக்குக் கேட்கும். அதே போல என்ஜினின் அதிர்வு போல்ட் வழியாகச் சட்டத்துக்குப் போகிறது. சட்டம் வழியாகப் பலகைக்குப் போகிறது. பலகை வழியாகப் படுத்திருப்பவர் தலைக்கே வருகிறது. இரும்புப் படகில் இந்த அதிர்வு இன்னும் வேகமாக ஓடும். காதைப் பொத்தினாலும் எலும்பு வழியாக உணர்வோம்.

ஆகவே இரண்டு வழியையும் மறிக்க வேண்டும்.

முதலில் என்ஜினைப் பாருங்கள்

சத்தம் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் சிறந்தது. கேரளத்தில் மழைக்காலத்தில் 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டின் மேற்குக் கரையிலும் ஜூன், ஜூலை மாதங்களில் தடை உண்டு. படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் இவற்றைக் கவனிக்கலாம்:

- என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் முறுக்க வேண்டும்.
- என்ஜினுக்கு அடியில் ரப்பர் தாங்கிகள் இருந்தால், அவை நைந்து போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், வைக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.
- புகைக்குழாயில் விரிசல் இருக்கிறதா, சைலன்சர் ஓட்டையா என்று பார்க்க வேண்டும்.
- சுழலும் தண்டு நேராக இருக்க வேண்டும். பின்விசிறியின் இலை வளைந்திருந்தால் படகு முழுவதும் அதிரும்.

இவை உறக்கத்துக்கு மட்டும் உதவுவதில்லை. தளர்ந்த போல்ட்டும் வளைந்த தண்டும் என்ஜினையே கெடுக்கும். ஆகவே படகு முதலாளியிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். அவருக்கும் இது லாபம்தான்.

அடுத்தது, வழியை மறிப்பது. என்ஜின் அறைக் கதவு இறுக்கமாக மூட வேண்டும். கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டலாம். குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி அடைக்கலாம். சின்ன ஓட்டைதானே என்று விடக்கூடாது. தண்ணீர் ஒழுகுவது போலச் சத்தமும் ஒழுகும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள்:

ஒன்று, என்ஜினுக்குக் காற்று வேண்டும். காற்று வரும் வழியை அடைக்கவே கூடாது.

இரண்டு, தெர்மகோல், பஞ்சு, சாக்கு, மெத்தைத் துண்டு எதையும் என்ஜின் அறையில் திணிக்கக்கூடாது. தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத கண்ணாடி நார்ப் பலகையைத் தகடு போட்டு மூடி அடிப்பார்கள். அதைத் தெரிந்தவரைக் கொண்டு செய்ய வேண்டும்.

மூன்று, புகைக்குழாய் ஒழுகினால் அந்தப் புகை படுக்கும் இடத்துக்கு வரும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். படுக்கும் அறைக்கு எப்போதும் காற்று வர வேண்டும்.

படுக்கையைப் பாருங்கள்

காசு அதிகம் இல்லாமல் செய்யக்கூடியவை இவை.

- என்ஜின் அறைச் சுவரை ஒட்டித் தலை வைக்காதீர்கள். தலையை எதிர்ப்பக்கம் வையுங்கள்.
- வெறும் பலகையில் படுக்காதீர்கள். அடியில் தடித்த கயிற்றுப் பாய், அதன் மேல் மெத்தை போடுங்கள். அதிர்வு குறையும்.
- சட்டி, கரண்டி, டின், சங்கிலி எல்லாம் சேர்ந்து 'கலகல' என்று ஆடும். விட்டு விட்டு வரும் இந்தச் சத்தம்தான் தூக்கத்தை அதிகம் கெடுக்கும். படுக்கும் முன் ஒரு சுற்று வந்து கட்டி வையுங்கள். துணி சுற்றி வையுங்கள்.
- தேவையில்லாத நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். ஆனால் விளக்கு அணையக்கூடாது. விளக்குக்குப் பேட்டரி தயாராக இருக்க வேண்டும்.

துறைமுகத்துக்கு வந்த பிறகும் பலர் படகிலேயே படுக்கிறார்கள். அங்கே ஐஸ் அரைக்கும் சத்தம், வண்டிச் சத்தம், ஏலச் சத்தம். படகோடு படகு மோதும் சத்தம் வேறு. மோதும் இடத்தில் பழைய டயரைக் கட்டித் தொங்கவிடுங்கள். கயிறு தளர்ந்து இழுபடாமல் பாருங்கள். ஏலம் நடக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் படுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். என்ஜின் சத்தத்தை மறைக்க இயர்போனில் பாட்டை உரக்க வைத்துப் படுப்பவர்கள் உண்டு. அது சத்தத்தைக் குறைப்பதில்லை. என்ஜின் சத்தத்தின் மேல் இன்னொரு சத்தத்தை ஏற்றுகிறது. காதுக்கு இரட்டைச் சுமை. சாராயம் குடித்தால் தூக்கம் வரும் என்பதும் தவறு. முதலில் கண் சொக்கும். பிறகு உறக்கம் துண்டு துண்டாக உடையும். அவசரத்துக்கு எழுந்திருக்கவும் முடியாது.

காதடைப்பு

எங்கள் ஏலூரில் ஆலைகள் நிறைய. உரத் தொழிற்சாலையும் இங்கே உண்டு. சத்தமான எந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்பவர் காதில் அடைப்பு வைப்பது ஆலைகளில் புதிதல்ல. படகிலும் அதை வைக்கலாம். பஞ்சு போன்ற நுரையால் செய்த காதடைப்பு மருந்துக் கடையிலும், ஆலைக்கான பாதுகாப்புப் பொருள் விற்கும் கடையிலும் கிடைக்கும். விலை குறைவுதான்.

வைக்கும் முறை இது:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீன் கையோடும் டீசல் கையோடும் தொடக்கூடாது. காதில் சீழ் பிடிக்கும்.
2. அடைப்பை விரலால் உருட்டி மெல்லிய திரி போல ஆக்குங்கள்.
3. மறு கையால் காதை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள்.
4. அடைப்பை உள்ளே வைத்து, முப்பது எண்ணும் வரை விரலால் பிடித்திருங்கள். அது விரிந்து அடைத்துக்கொள்ளும்.

சரியாக வைத்தால் 15 முதல் 20 டெசிபல் வரை குறையலாம். பஞ்சை உருட்டி வைத்தால் அவ்வளவு பயன் இல்லை. காதில் சீழ், வலி இருந்தால் எதையும் வைக்கக்கூடாது.

என்ஜின் அறைக்குள் இறங்கும் டிரைவருக்கு இது போதாது. காதை முழுதாக மூடும் கிண்ணம் போன்ற மூடியை அவர் அணிவது நல்லது.

ஒரு காது திறந்திருக்க வேண்டும்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு தூங்கினால் என்ன ஆகும்?

2017 ஜூன் 11 அதிகாலை. 'கார்மல் மாதா' என்ற படகு கொச்சிக்கு அப்பால் கடலில் நங்கூரம் போட்டிருந்தது. படகில் 14 பேர். தூங்கிக்கொண்டிருந்தார்கள். பனாமா நாட்டில் பதிவான ஒரு கப்பல் வந்து மோதியது. 2 பேர் இறந்தார்கள். ஒருவரைக் காணவில்லை. 11 பேர் மீட்கப்பட்டார்கள்.

2018 ஆகஸ்டு 7 அதிகாலை. முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' படகின் மேல் ஒரு கப்பல் மோதியது. அதிலும் 14 பேர். பெரும்பாலோர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். 2 பேர் மட்டுமே மீட்கப்பட்டார்கள்.

தூங்கியது குற்றமல்ல. நாள் முழுவதும் உழைத்தவர் தூங்கத்தான் வேண்டும். ஆனால் நம் கடல் வழியே பெரிய கப்பல்கள் இரவும் பகலும் போகின்றன. கப்பல்கள் மோதாமல் இருக்க 1972-இல் உலக நாடுகள் கூடி விதிகள் செய்தன. எல்லாக் கலங்களும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் காக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி சொல்கிறது. கப்பலுக்கும் அது கடமை. படகுக்கும் அது கடமை.

காதாலும் என்று சொன்னது ஏன்? மூடுபனியிலும் மழையிலும் கண் தெரியாது. அப்போது ஊதல் ஒலிதான் துணை. குறுகிய ஊதல் ஐந்தும் அதற்கு மேலும் விடாமல் கேட்டால், 'ஆபத்து, உன் போக்கு எனக்குப் புரியவில்லை' என்று பொருள். வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல் அவசர அழைப்புக்கு உரியது. அதையும் காதால்தான் கேட்க வேண்டும்.

ஆகவே படகில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

- இரவில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். நங்கூரம் போட்டிருந்தாலும் விழித்திருக்க வேண்டும்.
- காவல் இருப்பவர் காதடைப்போ இயர்போனோ வைக்கக்கூடாது. என்ஜினை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.
- நங்கூர விளக்கு விடியும் வரை எரிய வேண்டும்.
- காதடைப்பு வைத்துத் தூங்குபவரைக் கூப்பிட்டு எழுப்ப முடியாது. தொட்டு எழுப்ப வேண்டும். யார் எங்கே படுத்திருக்கிறார் என்று காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
- காது மந்தமானவரைத் தனியாக இரவுக் காவலுக்கு விடக்கூடாது. அவருக்குப் பகல் வேலை கொடுக்கலாம். இதில் அவமானம் எதுவும் இல்லை.
- இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். கண் சொக்கினால் அடுத்தவரை எழுப்பலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒருவர் நம்பிக்கையாக விழித்திருந்தால்தான் மற்றவர்கள் நிம்மதியாகக் காதை அடைத்துத் தூங்க முடியும்.

உறக்கம் உரிமை

2007-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு மீனவர்களுக்காக ஓர் உடன்படிக்கை செய்தது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றது. ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றது. படுக்கும் இடத்தில் சத்தமும் அதிர்வும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

நம் படகுகளில் அந்தப் பத்து மணி நேரம் கிடைக்கிறதா? மீன் படும் நேரத்தில் கிடைப்பது கடினம்தான். ஆனால் மீன் படாத நேரத்தில் முறை வைத்துத் தூங்கலாம். புதுப் படகு கட்டும்போது, படுக்கும் இடத்தை என்ஜினுக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளி வைக்கச் சொல்லலாம். ஒருவர் கேட்டால் கேட்காத முதலாளி, எல்லாரும் சேர்ந்து கேட்டால் கேட்பார்.

நினைவில் வைப்போம்

காது பழகுவதில்லை, கெடுகிறது.
சத்தத்தை முதலில் என்ஜினில் குறை. பிறகு வழியில் மறி. கடைசியில் காதில் அடை.
காற்று வழியை அடைக்காதே.
தூங்குபவர் காது மூடியிருக்கலாம். காவலர் காது திறந்திருக்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் படகில் கை நீளத் தூரத்தில் நின்று கத்தாமல் பேச முடிகிறதா? எந்த இடத்தில் முடியவில்லை?
2. இரவுக் காவலை யார், எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள்? அதை ஒரு தாளில் எழுதி வீல் ஹவுசில் ஒட்டுங்கள்.
3. கடலுக்குப் போய் வந்தவர் வீட்டில் "என்ன, என்ன?" என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறாரா? அவரை மருத்துவமனைக்கு எப்போது அழைத்துப் போகலாம்?